எந்த முத்தையா? எந்தச் சிதம்பரம்?

சனி, காரைக்குடி

பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் டவுன் பஸ் ஒருபக்கமாய்ச் சாய்ந்துகொண்டு வந்தது. "அழகப்பா ஒண்ணு" என்று பணத்தை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "எந்த அழகப்பாண்ணே? ஆர்ட்ஸ் காலேஜா, இன்ஜினியரிங்கா, யுனிவர்சிட்டியா, அழகப்பாபுரமா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். யுனிவர்சிட்டி என்றதும்தான் டிக்கெட் கிழிந்தது.

இந்தப் பயணமே இப்படி ஒரே பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும் இடங்களையும் கட்டடங்களையும் பார்க்கத்தான். முதல் கணக்கு சுலபமானது. மேலே சொன்ன நாலும் ஒரே ஆள்: கோட்டையூரில் 1909-ல் பிறந்த ராம. அழகப்பச் செட்டியார். 1947-ல் கலைக் கல்லூரி, 1952-ல் இன்ஜினியரிங் கல்லூரி என்று ஆரம்பித்து வைத்துவிட்டு, 48 வயதுக்குள் 1957-ல் போய்ச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. சென்னை கிண்டியில் 'ஏ.சி. டெக்' என்கிறார்களே, 1944-ல் வந்த அந்தக் கல்லூரியின் 'ஏ.சி.'யும் இவர்தான், குளிர்சாதனம் இல்லை. கேரளாவில் திருச்சூர் பக்கம் அழகப்பா நகர் என்று ஒரு பஞ்சாயத்தே இருக்கிறது. அவர் அங்கே வைத்த நூற்பாலையை ஒட்டி வந்த பெயர். மலையாளத்தில் எழுதியிருக்கும் போர்டில் கோட்டையூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், காரைக்குடியில் 'சிக்ரி' என்று எல்லாரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவரே. நேரு 1948-ல் அடிக்கல் வைத்தார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இவ்வளவு கொடுத்தும் அந்த நிலையத்தின் பெயரில் மட்டும் அழகப்பா இல்லை. விடுமுறை என்பதால் வெளியிலிருந்து மரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ராத்திரி லாட்ஜ் பக்கத்துக் கடையில் வெள்ளைப் பணியாரம், கூடவே காரச் சட்னி. இரண்டாவது தட்டு சொல்லாமல் எழுந்துவர முடியவில்லை.

ஞாயிறு, கானாடுகாத்தான்

காலையிலேயே கிளம்பிவிட்டேன். அகலமான தெரு, நேர்கோடு போட்டது போன்ற வரிசை, இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி வீடுகள். பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. ராஜா அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையின் கேட்டும் பூட்டியிருந்தது. சுற்றுலாக்காரர்கள் கம்பிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தேடி வந்தது அதை அல்ல. அதே ஊரில் சி.வி.சி.டி. வீடு, சி.வி.ஆர்.எம். வீடு என்று ஒட்டிப்பிறந்த இரண்டு வீடுகள் உண்டு. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்கானவை. முதல் இரண்டு எழுத்து இரண்டுக்கும் பொது. அடுத்த எழுத்துகளில் ஒன்று 'சி.டி.', மற்றது 'ஆர்.எம்.' அந்த இடத்தில்தான் வழி பிரிகிறது. நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்னோர் பெயர்களிலிருந்து எடுத்துத் தங்கள் பெயருக்கு முன்னால் போடும் இந்த எழுத்துக் கோவைக்கு ஊரில் விலாசம் என்று பெயர். சிதம்பரத்துக்கு 'சித.', ராமநாதனோ ராமசாமியோ என்றால் 'ராம.', பழனியப்பனுக்கு 'பழ.', லெட்சுமணனுக்கு 'லெ.', அருணாசலத்துக்கு 'அரு.' ஆங்கிலத்தில் எழுதும்போது அதுவே சி.டி., ஆர்.எம்., பி.எல். ஆகிவிடும்.

ஒரு வீட்டில் சிறு தொகை கட்டணமாகக் கொடுத்தால் உள்ளே விடுகிறார்கள். முகப்புத் திண்ணை தாண்டி, நிலைக்கதவுக்கு மேல் தேக்கில் செதுக்கிய கஜலட்சுமியைக் கடந்தால் பட்டாலை என்கிற தூண் கூடம். தூணைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கல். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பூச்சு, நூறு வருஷம் ஆகியும் விரல் ரேகை பதிகிறது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சாமான், நகை, பாத்திரம் எல்லாம் அதற்குள். அறைக் கதவு நிலைகளைக் காட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னார்: "இதுல நாலு ராமநாதன் இருந்தாங்க தம்பி. ஒரே நேரத்துல."

நாலு பேரா என்று கேட்டேன். அவர் விளக்கியது இதுதான். மூத்த பையனுக்கு அப்பச்சியின் (இங்கே தகப்பனாருக்கு அப்படித்தான் பெயர்) அப்பா பெயரை, அதாவது ஐயா பெயரை வைக்க வேண்டும். ராமநாதன் என்று ஒரு ஐயா, அவருக்கு நாலு மகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் தத்தம் மூத்த மகனுக்கு அதே ராமநாதனைத்தான் வைப்பார்கள். ஒரே கூரையின் கீழ் நாலு பேரும் வளர்வார்கள். ராம.அண்.ராமநாதன், ராம.சித.ராமநாதன், ராம.பழ.ராமநாதன் என்று நடுவில் வரும் அப்பாவின் எழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டும். பெயரை விட்டுவிட்டு நடுவெழுத்தை மட்டும் சொன்னால்கூட வீட்டில் புரிந்துவிடும். எழுத்தை விட்டுவிட்டுப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இங்கே பெயர் அலங்காரம், விலாசம்தான் ஆள்.

கடல் கடந்து வட்டிக்கடை வைத்த காலத்தில் கடைக்குப் பெயரும் விலாசம்தான். ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த வழக்குகளின் தீர்ப்புகளில் ஆறேழு ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்று வாதியாகவும் பிரதிவாதியாகவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

ஊரை விட்டு வெளியே வந்ததும் இந்த எழுத்துகள் உதிர்ந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அரண்மனைக்காரர் எஸ்.ராம.மு. அண்ணாமலை. அவர் 1929-ல் நிறுவியது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பெயரைக் கேட்டதும் திருவண்ணாமலைக்கு டிக்கெட் எடுக்கத் தோன்றும். ஆனால் அது இருப்பது சிதம்பரத்தில். பல்கலைக்கழகம் இருக்கும் பகுதிக்கே அண்ணாமலை நகர் என்று தனிப் பேரூராட்சி. அவருடைய மகன்களில் ஒருவர் பெயர் சிதம்பரம். அந்தச் சிதம்பரம் பெயரில் இருப்பதோ சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். ஆக, அண்ணாமலை சிதம்பரத்தில் இருக்கிறார், சிதம்பரம் சேப்பாக்கத்தில் இருக்கிறார். அப்பாவின் பெயரில் சென்னையிலும் ராஜா அண்ணாமலைபுரம், பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று ஆட்டோக்காரர்களைக் கேட்க வேண்டும்.

சிதம்பரத்திலேயே இன்னொரு சிக்கல். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10-ம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அவர் 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். மைதானத்தின் பெயரில் இருப்பவர் மு.அ. சிதம்பரம். வேறு ஆள், வேறு விலாசம். முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரமோ மைதானச் சிதம்பரத்தின் அக்கா தங்கை வழி மருமகன் முறை. இங்கே மட்டும் உறவு உண்டு, ஆனால் விலாசத்தின் முதல் எழுத்து வேறு. எழுத்தைப் பார்த்தால் உறவு தெரியாது, பெயரைப் பார்த்தால் உறவு இருப்பது போலத் தெரியும்.

முத்தையா கதை இதைவிடச் சுவாரசியம். 1933-ல் சென்னைக்கு மேயரானவர் ராஜா சர் முத்தையா செட்டியார், அண்ணாமலையின் மகன். மதுரையில் ராஜா முத்தையா மன்றம் அவர் பெயரில். சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அவர் பெயரில்தான் இருந்தது, 2021-ல் அரசுக் கல்லூரியாகிப் பெயர் மாறிவிட்டது. சென்னை புரசைவாக்கத்தில் சர் முத்தையா செட்டியார் பள்ளி இருக்கிறது, அது இவர் இல்லை. முன்னால் 'எம்.சி.டி.' என்று போட்டிருக்கும். வங்கிச் சிதம்பரத்தின் அப்பா. இரண்டு பேருக்கும் 'சர்' பட்டம் வேறு கொடுத்து வெள்ளைக்காரன் நம்மை இன்னும் கொஞ்சம் சுற்றவிட்டான்.

மூன்றாவது முத்தையா காரைக்குடி மணிமண்டபத்தில் நிற்கிறார். சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்தபோது முத்தையா, சுவீகாரம் போன வீட்டில் நாராயணன், பிறகு தானே வைத்துக்கொண்டது கண்ணதாசன். சுவீகாரம் போனால் விலாசமும் மாறிவிடும். அந்த வீட்டு எழுத்துகள்தான் இனி. இவர் இரண்டு விலாசத்தையுமே உதறிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா முத்தையாக்களிலும் எந்தக் குழப்பமும் இல்லாமல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் வேறு பெயரில்.

(கிரிக்கெட் பார்ப்பவர்கள் முத்தையா முரளிதரனைக் கேட்பார்கள். அவர் கண்டிக்காரர், முத்தையா அவருடைய அப்பா பெயர். கமெண்டரியில் அதை முதல் பெயராக்கிக் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டியவர் அப்பாதான்.)

எழுத்தும் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாகிப் போனவர்களும் உண்டு. நெற்குப்பைக்காரரான சோம. இலக்குமணன் செட்டியார் பயணநூல்கள் எழுதினார், நாம் அவரை அறிவது சோமலெ என்று. ஏ.வி.எம். ஸ்டுடியோவின் 'எம்'மும் அப்படித்தான், அது மெய்யப்பன். அப்பா ஆவிச்சி செட்டியார். முன்னெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் எழுத்துக்குள்ளே ஆளே உட்கார்ந்திருக்கிறார்.

மாலையில் ரயில் நிலையம் வரை நடந்தேன். ஊர் கானாடுகாத்தான், நிலையத்தின் போர்டில் இருப்பது 'செட்டிநாடு'. நாளைக்கு இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

திங்கள், காரைக்குடி, ஆத்தங்குடி

மனிதப் பெயர்களுக்காவது விலாசம் இருக்கிறது. செட்டிநாட்டுக்கு அதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதன் முன்னாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் எழுபத்துச் சொச்சம் ஊர்களுக்கும் சேர்த்துப் பொதுப் பெயர் அது. வரைபடத்தில் எல்லைக்கோடு போட்ட தாலுகாவோ ஜில்லாவோ இல்லை. ஆனால் செட்டிநாடு கால்நடைப் பண்ணை உண்டு, மாடு ஆடு வளர்க்கும் அரசுப் பண்ணை. செட்டிநாடு வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று செட்டிநாடு என்ற பெயரிலேயே புதரும் வெயிலுமாகக் கிடக்கிறது. செட்டிநாடு சிமெண்ட் ஆலையோ கரூர்ப் பக்கம் புலியூரில் ஆரம்பித்தது. இவற்றில் எதற்கும் மிளகுக்கும் சம்பந்தம் இல்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஏறினால் மட்டும் அந்தப் பெயர் கோழிக்குத்தான் சொந்தம்.

மதியம் சாப்பிடப் போன மெஸ்ஸில் மெனு போர்டைப் பார்த்தேன். கோழி வறுவல், உப்புக்கறி, நண்டு மசாலா, மண்டி. 'செட்டிநாடு சிக்கன்' எங்கே என்று பரிமாறியவரைக் கேட்டேன். "எல்லாமே அதான் சார்" என்று இலையில் உப்புக்கறியைப் போட்டுவிட்டுப் போனார். சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் எண்ணெயில் சுருண்டு கறியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் கரம் மசாலா வாடையே இல்லை. வெளியூரில் அந்தப் பெயரில் வரும் செக்கச்செவேல் கிரேவிக்கும் இதற்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. பெயர் ஒற்றுமை, அவ்வளவே.

சேலையிலும் இதே கதை. வெளியூர் ஜவுளிக்கடையில் 'செட்டிநாடு காட்டன்' என்று கேட்டால் எடுத்துப்போடுவது இங்கே கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் கண்டாங்கி என்றுதான் பதிவானது. கொட்டானுக்கு மட்டும் 'செட்டிநாடு கொட்டான்' என்று குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பனை ஓலைக் கூடை முந்திக்கொண்டது, சேலை தன் பெயரோடு நின்றுவிட்டது.

ஒரு தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். குழித்தறியில் அரக்கும் கடுகு மஞ்சளும் கட்டம் கட்டமாய் ஏறிக்கொண்டிருந்தது. நெய்பவர் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தறி முழுக்க ஒரு குலுங்கல். முகம் நிமிராமலே பேசினார். "வாங்குறவங்களும் செட்டியார், நெய்யுற நாங்களும் செட்டியார். ஆனா நாங்க வேற, அவுக வேற." இவர்கள் தேவாங்கச் செட்டியார்கள். குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன். தேவாங்கரில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு கொள்வினை கொடுப்பினை எந்தக் காலத்திலும் இல்லை. எண்ணெய் ஆட்டிய வாணியச் செட்டியார்கள் தனி. மலாக்காவில் மலாய் பேசிக்கொண்டு சிவனைக் கும்பிடும் செட்டிகள் இவர்கள் எல்லாரையும்விடப் பல நூற்றாண்டு முந்திப் போனவர்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரே பட்டம் அச்சாகும், உறவு என்று ஒரு துளி இருக்காது.

சரி, அப்படியென்றால் நகரத்தாருக்குள் யார் யாருக்கு உறவு? அதற்குப் பெயரும் உதவாது, விலாசமும் போதாது. கோயில்தான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என ஒன்பது. ஒரே கோயில் என்றால் பங்காளி, பெண் எடுக்க மாட்டார்கள். இளையாத்தங்குடியிலும் மாத்தூரிலும் உட்பிரிவுகள் இருப்பதால் பிரிவு வேறானால் எடுக்கலாம். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் இரண்டு கோயிலானாலும் அண்ணன் தம்பிக் கோயில், அங்கே முடியாது. கல்யாணத்துக்கு இரண்டு கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். ஆதார் கார்டில் இடமில்லாத குடும்பப் பெயர் இது.

ஆத்தங்குடிக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுத் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுகிறார்கள். சூளை கிடையாது. இதைப் பற்றி எழுதாத ஆளில்லை என்பதால் இதோடு விடுகிறேன். ஆனால் 'செட்டிநாடு டைல்ஸ்' என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

செவ்வாய், நாட்டரசன்கோட்டை

தை மாதத்தில் பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே செவ்வாய்ப் பொங்கல். கண்ணாத்தாள் என்று ஊரார் கூப்பிடும் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பானை வைப்பார்கள். கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பானை. நூற்றுக்கணக்கில் அடுப்பு. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போன பிள்ளைகள் இந்த ஒரு நாளுக்காக வந்து இறங்குகிறார்கள். வரன் பார்ப்பதும் இதோடு சேர்த்தே நடக்கிறது. என் பக்கத்தில் நின்ற ஆச்சி, ஒரு பெண்ணைக் காட்டி இன்னொரு ஆச்சியிடம் கேட்ட முதல் கேள்வி "எந்தக் கோயிலு?" பெயரைக் கேட்டது அதற்கு ரொம்ப நேரம் கழித்து.

யார் பானை முதலில் என்பதற்குச் சீட்டு எடுக்கிறார்கள். புள்ளிகளின் பெயர் எழுதிய சீட்டுகள் வெள்ளிப் பாத்திரத்துக்குள். முதலில் வரும் குடும்பத்துக்கு முதல் பானை. அதற்குக் கிடைக்கும் மரியாதையே தனி. வரிசை பிடிக்கிற இடத்தில் பட்டியலோடு நின்றவர் யார் பெயரையும் வெறுமனே படிக்கவில்லை. விலாசத்தில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாக இழுத்துக்கொண்டுபோய்க் கடைசியில்தான் பெயரை விட்டார். ஓர் இடத்தில் சத்தத்தில் எழுத்துகள் அமுங்கி 'மெய்யப்பன்' மட்டும் தெளிவாகக் கேட்டது. மூன்று பக்கத்திலிருந்து மூன்று மெய்யப்பன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"எழுத்தைச் சேத்துச் சொல்லுங்கண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். இரண்டாவது எழுத்தில் ஒருவர் நின்றுவிட்டார். மூன்றாவதில் இன்னொருவர். மிச்சமிருந்தவர் போய் அடுப்பில் தீயை மூட்டினார். நின்ற இருவரில் ஒருவர் அசடு வழிந்துகொண்டே என்னிடம் திரும்பி, "நமக்கு அடுத்த வரிசை" என்றார்.

பொங்கி முடிக்க இருட்டிவிட்டது. ஊரில் கம்பர் சமாதியும் இருக்கிறது, பகலில் வருகிறவர்கள் அதையும் பார்த்துவிடலாம். சிவகங்கை போய் மதுரை பஸ் பிடித்தேன், உட்கார இடம் கிடைத்தது.